கண்ணை மூடிக்கொண்டு பார்த்த போலீஸ் படங்கள்

ஆஸ்பத்திரியில் அவளைக் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிப் பெயர் மாதிரித் தெரிந்தாலும் அது பாராட்டு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை நேரத்தில் வரிசையாக வந்து நீளுகிற கைகளில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் வேலை. "குத்தினதே தெரியல, எழுந்து போன பிறகுதான் அரிக்குது" என்று யாரோ ஒரு நோயாளி சொல்லப்போக, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லாருக்கும் அவள் கொசு அக்காதான்.

நாள் முழுக்க ரத்தத்தோடு புழங்குகிற இந்தப் பெண்மணி, சினிமாவில் ஒரு சொட்டுச் சிவப்புச் சாயத்தைப் பார்த்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். விரலை விரித்து இடுக்கு வழியாகப் பார்க்கிற கள்ளத்தனமெல்லாம் கிடையாது. மூடினால் மூடியதுதான். "தினம் குப்பி குப்பியா எடுக்கறவளுக்கு இது என்ன கூத்து?" என்று கேட்டால், "அங்க ஊசி என் கையில இருக்கு. இங்க என் கையில என்ன இருக்கு?" என்பாள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் ஒரு போலீஸ்காரர். அதுவும் குற்றம் துப்பறிகிற பிரிவு. சரி, வேலை வேலையோடு போகட்டும் என்றால், மனிதர் பார்க்கிற படமும் அதுவேதான். ஒரே உதையில் பத்துப் பேர் பறக்கிற போலீஸ் படமில்லை; அதையெல்லாம் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். அவருக்குப் பிடித்தது அழுக்கான படங்கள். சட்டைக் காலரில் வேர்வைக் கறையோடு தூக்கமே இல்லாத ஒரு துப்பறிவாளன், மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நேற்று ஏறிய அதே மாடிப்படியை மறுபடி ஏறுவான். இல்லையென்றால் சேற்றில் படுத்துக் கிடக்கிற சிப்பாய்கள். தண்ணீர் தீர்ந்திருக்கும், வயர்லெஸ் கரகரக்கும், அவர்களுடைய அதிகாரிக்கு என்ன செய்வதென்று தெரியாது, தெரியாது என்று சொல்லவும் முடியாது. படம் முடிந்த பிறகு யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

"இதைப் பாக்க டிக்கெட் வேற எடுக்கணுமா? உங்க ஆபீஸ்லயே உக்காந்திருக்கலாமே" என்பாள்.

"ஆபீஸ்ல பின்னணி இசை கிடையாதே" என்பார் அவர்.

கல்யாணமான புதிதிலேயே இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஒரு முறை அவர் படம், அடுத்த முறை அவள் படம். அவள் படம் என்றால் சிரிப்புப் படம். அதில் அவர் தூங்கிவிடுவார். வயிறு குலுங்கச் சிரிக்கிற நூறு பேர் நடுவில் ஒருவர் மட்டும் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுவார். அவர் படத்தில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். மூடிக்கொண்டு பேசாமலாவது இருப்பாளா? கதை தெரியாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று அவர் முழங்கையைச் சுரண்டிக்கொண்டே இருப்பாள். அவர் குனிந்து காதில் சொல்வார்.

அவர் சொல்கிற விதமே தனி. எதையும் அவசரப்படாமல் செய்கிற மனிதர். நடப்பதும் மெதுவாக, சாப்பிடுவதும் மெதுவாக, பேசுவது அதைவிட மெதுவாக. ஸ்டேஷனில் அவருக்கு ஸ்லோமோஷன் என்று பெயர். "கதவைத் தட்டறான்... உள்ள ஆள் இல்ல. இல்ல இல்ல, இருக்கான், கதவுக்குப் பின்னாடி... துப்பாக்கியை எடுத்துட்டான். இப்பத் திறக்காத... சுட்டுட்டான். விழுந்துட்டான்... ம், முடிஞ்சிருச்சு. கண்ணைத் திற." அந்தக் கடைசி வார்த்தை வரும்வரை அவள் திறக்க மாட்டாள். ஒருமுறை முன் வரிசையில் இருந்தவர் பொறுக்க முடியாமல் திரும்பி, "சார், நாங்களும் இதே படத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார். உடனே பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "நீங்க சொல்லுங்க சார், நான் கண்ணாடியை வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்" என்றது.

இப்படியே வருஷங்கள் ஓடின. தியேட்டர் போய் டிவி வந்தது. மகள் பிறந்து, வளர்ந்து, படிக்க வேறு ஊருக்குப் போனாள். படங்களை எண்ணினால் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதில் பாதியை அவள் பார்த்ததே இல்லை, கேட்டதுதான்.

சொல்லப்போனால் இந்தப் பழக்கத்தை அவள் வேலையிலும் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஊசி எடுக்கும் முன்பு, "அந்தச் சுவரைப் பாருங்க, நான் சொல்றப்ப திரும்பினா போதும்" என்பாள். எடுத்து முடித்துப் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, "முடிஞ்சிருச்சு, திரும்பலாம்" என்பாள். ஒரு நாள் கூட்டம் அதிகம். குப்பியோடு உள்ளே ஓடியவள் இதைச் சொல்ல மறந்துபோனாள். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பெரியவர் கையை நீட்டியபடி, கழுத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். "நீங்க இன்னும் சொல்லலியேம்மா" என்றார் அவர். வீட்டுக்கு வந்து இதைக் கணவரிடம் சொல்லி இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பெல்லாம் போன வருஷத்தோடு சரி.

நடந்தது ஊருக்கே தெரியும், பேப்பரில் வந்ததுதான். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், நாலாவது மாடி பால்கனியில், ஒரு ஆள் தன்னுடைய சின்னப் பெண்ணைத் தூக்கிக் கைப்பிடிச் சுவர் மேல் வெளியே கால் தொங்க உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். மனைவி இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை; மனிதனுக்கு மனசு உடைந்துபோயிருந்தது. அவனிடம் பேச யாரை அனுப்புவது என்று அதிகாரிகள் அதிகம் யோசிக்கவில்லை. ஸ்லோமோஷனை அனுப்பினார்கள். அவர் போய் மதியத்திலிருந்து வெயில் தாழும்வரை பேசினார். குழந்தை பத்திரமாக வந்தது. அந்த ஆள் குதித்துவிட்டான்.

குழந்தையைக் காப்பாற்றினாரே, அதுதானே பெரிது? துறையில் கூட்டம் போட்டுக் கேடயம் கொடுத்தார்கள். பேப்பரில் படம் வந்தது. மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் எல்லாருக்கும் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் கேடயத்தைச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் வைத்தார். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மெதுவாகப் பேசுகிறவர் என்பதால் முதல் சில நாள் அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை, பாவம். பிறகுதான் உறைத்தது. கேட்டதற்கு ம், ம்ஹும். தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். காலையில் எங்கேயோ வெளியே போவார். கேட்டால் நடக்கப் போனேன் என்பார். வந்து பால்கனிக் கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் ஒரு நாள் அந்தக் கதவைப் பூட்டிச் சாவியை அரிசிப் பாத்திரத்துக்குள் ஒளித்து வைத்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காதது இன்னும் பயமாக இருந்தது.

துறையின் மனநல டாக்டரிடம் அவர் வாரந்தோறும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். உட்கார்ந்துவிட்டு மட்டும்தான் வந்தார். கடைசியில் டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவரு அந்த நாளைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பேசாத வரைக்கும் என்னால அவரை டூட்டிக்கு அனுப்ப முடியாது. டூட்டியை விடுங்க, ஆளைப் பத்தித்தான் எனக்குக் கவலை. யார்கிட்டயாவது அவரு வாயைத் திறக்கணும். வீட்ல அமைதியா இருக்கட்டும். அந்தத் துப்பாக்கிப் படமெல்லாம் வேணாம்."

அவளும் அப்படியே செய்தாள். மகள் போனில் யோசனை சொன்னாள். அதன்படி இவள் சிரிப்புப் படங்களாகப் போட்டுத் தள்ளினாள். மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இருவரும் டிவி முன்னால் உட்காருவார்கள். முன்பெல்லாம் தூங்கிவிடுகிற மனிதர் இப்போது கண் கொட்டாமல் பார்த்தார். சிரிப்புப் படத்தை ஒருவர் அப்படி முகம் மாறாமல் பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது பெரிய தண்டனை. அவள் அவருக்கும் சேர்த்துச் சிரித்துப் பார்த்தாள். சகிக்கவில்லை.

ஒரு நாள் சேனல் மாற்றும்போது கை தவறி ஒரு சிப்பாய்ப் படத்தில் நின்றுவிட்டது. இடிந்த வீடு, சுவரோடு ஒட்டி நாலைந்து சிப்பாய்கள், ஒருவன் கதவை நோக்கித் தவழ்கிறான். டமால் என்று ஒரு சத்தம். அவள் மாற்றும் பொத்தானைத் தேடுவதற்குள் கண் தானாக மூடிக்கொண்டது. வாயும் தானாகக் கேட்டது.

"என்ன ஆச்சு?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். டாக்டரம்மா வேண்டாம் என்ற படம், பேசாத மனிதர். கண்ணைத் திறந்து அணைத்துவிடலாம் என்று நினைத்தபோது பக்கத்திலிருந்து குரல் வந்தது. துருப்பிடித்த கீல் மாதிரி இருந்தது.

"கதவை உடைக்கறான்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"உள்ள போயிட்டான். இருட்டா இருக்கு. ஒருத்தன் கீழ கிடக்கான், நம்ம ஆளுதான்... இப்பத் திறக்காத."

அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். ஆனால் எத்தனையோ வாரமாக ம், ம்ஹும் மட்டும் கேட்ட காதுக்கு அது ஒரு கதாகாலட்சேபம் மாதிரி இருந்தது. அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறோமா பயத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாளிலிருந்து கொசு அக்கா புதிய அவதாரம் எடுத்தாள். பரிசோதனைக் கூடத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள், மருந்துக் கடைக்காரர், ஆம்புலன்ஸ் டிரைவர் என்று ஒருவரையும் விடாமல் பிடித்து, நல்ல போலீஸ் படம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டாள். ஆம்புலன்ஸ் டிரைவர் பூந்தோட்டமும் பாட்டுமாக ஒரு படத்தைச் சொன்னார்.

"இதில்லைங்க. இன்னும் மோசமானது."

"அக்கா, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?" என்றார் அவர்.

மகளுக்கு விஷயம் தெரிந்து போனில் வெடித்தாள். "அம்மா, உனக்கென்ன பைத்தியமா? டாக்டர் எதை வேணாம்னாங்களோ அதையே தேடித் தேடிப் போடறியா? அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நீ சொன்ன படத்துல அவரு செத்த மீன் மாதிரி உக்காந்திருக்காருடி. இதுல பேசறாரு."

"என்ன பேசறாரு?"

"சுட்டுட்டான், விழுந்துட்டான்னு பேசறாரு."

"நல்லா இருக்கும்மா உங்க குடும்பம்" என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்தாள்.

தினமும் மதியம் ஒரு படம். அவள் இப்போது தேவைக்கு மேலேயே கண்ணை மூடினாள். துப்பாக்கி வந்தால் மூடினாள், கார் வேகமாகப் போனால் மூடினாள், யாராவது முறைத்தால்கூட மூடினாள்.

"என்ன ஆச்சு?"

"டீ ஊத்தறான். இதுக்கு எதுக்குக் கண்ணை மூடின?"

"சூடா இருக்குமே, கையில கொட்டிக்கிட்டான்னா?"

அவர் மூக்கின் வழியாக ஒரு சத்தம் வந்தது. அதைச் சிரிப்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள். படத்தில் குறையும் சொல்ல ஆரம்பித்தார். இப்படி யாராவது விலங்கு மாட்டுவானா, இவ்வளவு சுத்தமாக எந்த விசாரணை அறை இருக்கிறது, இவன் இத்தனை பேரைத் தேடுகிறானே எப்போதாவது வீட்டுக்குப் போன் பண்ணினானா என்றெல்லாம் கேட்டார். தட்டில் வைத்ததில் பாதி தீர்ந்தது.

நடுவில் ஒரு நாள் மட்டும் எல்லாம் கெட்டுப்போனது. ஒரு படத்தில் ஒருவன் மொட்டைமாடி ஓரத்தில் நின்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். பதில் இல்லை. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் ஆள் இல்லை. பூட்டிய பால்கனிக் கதவின் கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றியபடி நின்றிருந்தார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. அவள் ஓடிப்போய் டிவியை அணைத்தாள். தன் கையாலேயே தன் வீட்டுக்குக் கொள்ளி வைத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். மகள் சொன்னதுதான் சரி, டாக்டர் சொன்னதுதான் சரி. மறுநாள் டிவி பக்கமே போகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

"இன்னிக்குப் படம் இல்லியா?"

அவள் கையில் இருந்த துண்டை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அன்று போட்டது ஒரு துப்பறிவாளன் படம். வயதான ஆள், கசங்கிய கோட்டு, ஒரு குடியிருப்பில் யாரையோ தேடிப் போகிறான். பின்னணி இசை ஒரு மாதிரி இழுக்க ஆரம்பித்ததுமே அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?"

"மாடிப்படி ஏறறான்" என்றார். "லிஃப்ட் வேலை செய்யல. நடந்தே ஏறறான். மூச்சு வாங்குது."

"ம்."

"நாலாவது மாடி. கதவு திறந்துதான் இருக்கு. உள்ள வெயில். தரையில ஒரு சின்னச் செருப்பு கிடக்கு, ஒத்தைச் செருப்பு. அதைத் தாண்டிப் போறான்."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது டிவியிலிருந்து ஒரு பெண் உற்சாகமாக, எந்தக் கறையானாலும் ஒரே அலசில் போய்விடும் என்று பாடினாள். சோப்புத்தூள் விளம்பரம். படம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

அவர் நிறுத்தவில்லை.

அவர் சொல்வது படக் கதை இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணைத் திறக்க வேண்டும், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாம் செய்யத் துடித்தது. ஆனால் பார்த்தால் அவர் நிறுத்திவிடுவார் என்பதும் தெரிந்தது. இத்தனை வருஷம் பயத்தில் மூடிய கண்ணை அன்றைக்குத்தான் அவள் தைரியத்தோடு மூடினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"பால்கனியில அவன் நிக்கறான். குழந்தை அவன் கையில. அது முகம் அந்தப் பக்கம், எனக்கு முதுகுதான் தெரியுது. லிஃப்ட் வேலை செய்யல, நடந்தே ஏறி வந்தேன், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்னு சொன்னேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல. அவன் 'அது எப்ப சார் வேலை செஞ்சிருக்கு'ன்னான். சிரிச்சான்கூட."

"ம்."

"பேசினோம். அவன் பொண்டாட்டியைப் பத்திப் பேசினான். நான் உன்னைப் பத்திப் பேசினேன். குழந்தை கீழயே பாத்துக்கிட்டிருந்துச்சு. நாலு மாடி. அது கால் உதறுது. எனக்குத் தாங்கல. பாப்பா, நீ கண்ணை மூடிக்கோ, என்ன நடக்குதுன்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், நான் சொல்றப்ப திறந்தா போதும்னேன். 'மூடிட்டேன்'னு உடனே சொல்லுச்சு. காக்கா பறக்குது, கீழ ஒரு நாய் படுத்திருக்குன்னு அதுக்கு ஒவ்வொண்ணாச் சொன்னேன். அவனும் கேட்டுக்கிட்டே நின்னான்."

விளம்பரம் முடிந்து வேறு விளம்பரம் வந்தது. பல் வலிக்கு ஏதோ ஒன்று.

"சாயங்காலம் ஆச்சு. அவனாவே வந்து குழந்தையை என் கையில குடுத்தான். 'சார், நீங்க பாத்துப்பீங்கல்ல?'ன்னு கேட்டான். நான் ம்ன்னேன். அந்த நிமிஷத்துக்கு மட்டும் குழந்தையைப் பாத்துக்கன்னு சொல்றான்னு நினைச்சேன். இனிமே எப்பவுமேன்னு கேட்டிருக்கான். அவ்வளவு நேரம் பேசின எனக்கு அது மட்டும் புரியல. திரும்பிப் பாத்தா..."

அவர் மூச்சை இழுத்துவிட்டார்.

"எல்லாரும் ஓடி வந்தாங்க. யாரோ என்னைப் பிடிச்சாங்க. யாரோ குழந்தையை வாங்கிட்டுப் போனாங்க. அவங்க தோள் மேல அது முகம். கண்ணை இறுக்கி மூடியிருக்கு. நான் சொன்ன மாதிரியே மூடியிருக்கு. படி இறங்கிப் போயிட்டாங்க."

"அப்புறம்?"

"நான் சொல்லல." குரல் உடைந்தது. "கண்ணைத் திறன்னு அதுகிட்ட நான் சொல்லவே இல்ல."

அவர் அழுதார். பெரிய மனிதர் ஒருவர் மெதுவாக அழுவது எப்படியிருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் மூடிய கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து தாடைக்கு இறங்கியது, துடைக்கவில்லை. கையைத் துழாவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நான் திறக்கலாமா?" என்று கேட்டாள்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். "இன்னும் முடியலியே."

"சரி. அப்ப நான் திறக்க மாட்டேன்" என்று எழுந்தாள். "போய் அந்தக் குழந்தைகிட்ட முதல்ல சொல்லுங்க. அப்புறம் எனக்குச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இப்படியேதான் சமைப்பேன், இப்படியேதான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். யார் கையில எங்க குத்தறேனோ, அது உங்க பொறுப்பு." சொல்லிவிட்டு வீறாப்பாக நாலடி வைத்தவள் மேசையில் முழங்காலை இடித்துக்கொண்டு, "ஐயோ!" என்று ஒற்றைக்காலில் குதித்தாள்.

"பாத்துடி!" என்று அவர் எழுந்து வந்து தாங்கினார். இத்தனை மாதத்தில் அவர் வேகமாகச் செய்த ஒரே காரியம் அதுதான். கண்ணைத் திறக்காமல் பிடிவாதம் பிடிக்கலாம் என்றுதான் அவள் நினைத்தாள். வலியில் அது தானாகத் திறந்துகொண்டது. நனைந்த முகத்தோடு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று முழங்காலைத் தேய்த்தபடி கேட்டாள்.

"அவங்க சித்தி வீட்ல. தெருமுனை வரைக்கும் போவேன். அப்படியே திரும்பி வந்துருவேன்."

காலையில் நடக்கப் போனது எங்கே என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் அவர் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் மறுபடி ஒரு தடவை சொன்னார். டாக்டரம்மாவே அந்தச் சித்தியிடம் பேசி, குழந்தைக்கு நல்லதுதானா என்று விசாரித்து, போய்ப் பார்க்கலாம் என்றார். அந்தத் துப்பாக்கிப் படங்களைப் பற்றியும் அவருக்குத் தெரிந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனார்கள். சித்தி பள்ளிச் சீருடை தைக்கிறவர். வாசலுக்கு இரண்டே படி. உள்ளே நுழைந்தால் எங்கே பார்த்தாலும் நீலத்துணி, நடுவில் தையல் மெஷின். மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து அந்தப் பெண் விழுந்து கிடந்த பொத்தான்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லா சாப்பிடறா, ஸ்கூல் போறா" என்றார் சித்தி மெல்லிய குரலில். "மாடிப்படி மட்டும் ஏற மாட்டா. அதான் கீழ் வீடாப் பாத்து வந்தோம்." பிறகு குழந்தையைக் கூப்பிட்டார். "பாப்பா, இங்க வா. யார் வந்திருக்காங்க பாரு. அன்னிக்கு உன்னைத் தூக்கினாரே, அந்த அங்கிள்."

குழந்தை வந்து நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"எனக்கு இவரைத் தெரியாதே" என்றது.

அவர் முகம் விழுந்துபோயிற்று. வாசலைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்திருந்தவர், அதையும் பின்னால் எடுத்துக்கொண்டார். அவளுக்குப் பகீர் என்றது. இத்தனை பாடுபட்டு இவ்வளவு தூரம் கூட்டிவந்து இங்கேயா மறுபடி வாயடைத்துப்போக வேண்டும்? பிறகுதான் சட்டென்று புரிந்தது. எப்படித் தெரியும்? குழந்தை அவரைப் பார்க்கவே இல்லையே. கேட்கத்தானே செய்தது, அவளைப் போலவே.

முழங்கையால் அவர் விலாவில் இடித்தாள். "பேசுங்க."

"என்ன பேச?"

"அன்னிக்கு என்ன பேசினீங்களோ, அதை."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டே படி உள்ள வீட்டு வாசலில் நின்றுகொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"லிஃப்ட் வேலை செய்யல... நடந்தே ஏறி வந்தேன்... கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்."

சித்தி ஒன்றும் புரியாமல் அவரையும் அந்த இரண்டு படியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் குழந்தையின் கை அசையாமல் நின்றது. பொத்தான் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டது. மெதுவாக இரண்டு கண்ணையும் மூடியது. இறுக்கி, நெற்றியெல்லாம் சுருங்கும்படி மூடிக்கொண்டு, முகத்தை அவர் குரல் வந்த பக்கம் தூக்கிக் காத்துக்கொண்டு நின்றது.

அவர் அதன் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவளால் பார்க்க முடியவில்லை. பழக்கதோஷம், தன் கண்ணையும் மூடிக்கொண்டாள். கடிகாரம் ஓடுகிற சத்தமும் தெருவில் ஒரு சைக்கிள் மணியும் கேட்டன. பிறகு அந்தக் குரல் வந்தது. துருவெல்லாம் போய், பழைய தியேட்டர் இருட்டில் அவள் காதுக்குப் பக்கத்தில் கேட்ட அதே குரல்.

"முடிஞ்சிருச்சு பாப்பா. கண்ணைத் திற."

பிறகு குழந்தை சொன்னது கேட்டது.

"எவ்வளவு நேரம் அங்கிள் பண்ணுவீங்க!"

"நேரமாயிடுச்சு கண்ணு" என்றார் அவர். "ரொம்பவே நேரமாயிடுச்சு."

அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடியபடியே நின்றாள்.

"இந்த ஆன்ட்டி ஏன் கண்ணை மூடிட்டிருக்காங்க?" என்று குழந்தை கேட்டது.

"அவங்களுக்கும் யாராவது சொல்லணும். சொன்னாத்தான் திறப்பாங்க."

சின்னக் காலடிகள் வந்தன. ஒரு கை அவள் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தது. அவள் குனிந்தாள். டப்பாவில் பொத்தான்கள் குலுங்கின. காதில் சூடாக மூச்சுக் காற்று பட்டது.

"முடிஞ்சிருச்சு ஆன்ட்டி" என்றது குழந்தை ரகசியமாக. "திறக்கலாம்."

அவள் திறந்தாள்.